எதிர் நாற்காலி அக்கா

அந்த அக்கா ஆளை நகர்த்தமாட்டார், டம்ளரை நகர்த்துவார். நீங்கள் பாட்டுக்கு மூலையில் ஒரு மேஜையைப் பிடித்து, எதிர் நாற்காலியில் பையை வைத்து, யாரும் வந்துவிடாதபடி கோட்டை கட்டி உட்கார்ந்திருப்பீர்கள். காபி வரும். ஆனால் உங்கள் மேஜைக்கு வராது. நாலு மேஜை தள்ளி, நீங்கள் ஜென்மத்தில் பார்த்திராத ஒருவருக்கு எதிரே போய் ஆவி பறக்க உட்கார்ந்துகொள்ளும். "உன் காபி அங்கன இருக்கு பாரு" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த வேலைக்குப் போய்விடுவார். டெல்லிக் குளிரில் சூடான காபியைப் பிரிந்து எவ்வளவு நேரம்தான் கௌரவம் பார்ப்பது? எழுந்து போகத்தான் வேண்டும்.

ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் முருகன் கோயில் படியிறங்கி நடந்தால் வரும் மார்க்கெட் ஒன்றில் இருந்தது அந்தக் கடை. பத்துப் பன்னிரண்டு மேஜைகள், சுவரில் ஒரு வேல் படம், ஓயாமல் ஆவி படர்ந்த கண்ணாடிக் கதவு. காபி எப்படி என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சுமார்தான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நானே பொடி வாங்கி வீட்டில் போட்டால் அதைவிட நன்றாக வரும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு வெளியே ஆள் நிற்கும். கோயிலுக்கு வந்த குடும்பங்கள், குவார்ட்டர்ஸ்வாசிகள், இட்லி பழகிப்போன பஞ்சாபிகள், என்னைப் போல சம்பளத்துக்காக வந்து தங்கிவிட்டவர்கள் என்று எல்லோரும் வருவார்கள்.

நான் சேலத்துக்காரி. குருகிராமில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை, முனிர்க்காவில் ஒரு அறை. வாரம் முழுக்கத் தொலைபேசியில் ஆட்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் உத்தியோகம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஞாயிறு ஒருநாளாவது ஒரு மனித முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன். முதல் நாளே என் காபி ஒரு சர்தார்ஜியின் எதிரே போய் உட்கார்ந்தது. அவர் தன் முழங்கால் வலியின் வரலாற்றை ஆதியோடந்தமாகச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு நேராகக் கல்லாவுக்குப் போய் அக்காவோடு சண்டை பிடித்தேன்.

"அக்கா, நான் தனியா இருக்கணும்னுதான் இங்க வர்றேன்."

"தனியா இருக்கதுக்கு எதுக்குட்டி காபிக் கடைக்கு வாற? ரூமுலயே இருக்க வேண்டியதுதான?"

அதற்குச் சரியான பதிலைத் தேடிக்கொண்டே அறைக்குப் போனேன். குளித்துத் துணி துவைத்துப் படுத்த பிறகும் தேடிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறும் போனேன். பதில் சொல்லத்தான் போகிறேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு என் காபி வேறொருவர் எதிரே இருந்தது. சர்தார்ஜி தூரத்திலிருந்து முழங்காலைத் தட்டிக் காட்டி, தேவலை என்று சைகை செய்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நான் போகாத ஞாயிறு இல்லை.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். திருநெல்வேலிப் பக்கம். புடவைக்கு மேல் கணவருடைய பழைய பட்டாளத்து ஸ்வெட்டர், காலில் கம்பளிக் காலுறை, அதற்கு மேல் ரப்பர் செருப்பு, மூக்கில் பெரிய மூக்குத்தி. இந்தியும் பேசுவார். அதுவும் திருநெல்வேலிதான். "பையா, இதர் பைட்டோ, வோ பி அகேலா ஹை" என்று, அதாவது தம்பி இங்கே உட்கார், அவரும் தனியாகத்தான் இருக்கிறார் என்று அவர் சொல்லும்போது அந்த 'ஹை' தாமிரபரணியில் ஒரு முங்கு போட்டுவிட்டு வரும். யாரும் மறுத்ததில்லை. மறுக்க வாயைத் திறப்பதற்குள் டம்ளர் போய்விடுமே.

அவர் ஆளைப் பார்த்து எடைபோட்டுப் பொருத்தமாக உட்கார வைப்பார் என்று நீங்கள் நினைத்தால் அது பெரிய தப்பு. அவர் செய்த பொருத்தங்களில் பாதிக்கு மேல் விபத்து. வாடகை பாக்கிக்குப் பயந்து தலைமறைவாகத் திரிந்த ஒருவரைக் கொண்டுபோய் அவருடைய வீட்டுக்காரர் எதிரிலேயே உட்கார வைத்தார். ஒரே மாதிரி பழுப்புக் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார்கள் என்பதற்காக இரண்டு பேரைச் சேர்த்து வைத்தார். அவர்கள் சொத்து வழக்கில் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காத சகலைகள். குல்லாய் இரண்டையும் ஒரே மாமியார் பின்னிக் கொடுத்திருக்கிறார். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். சமாதானமாகிவிட்டார்களா என்று கேட்காதீர்கள், வழக்கு இன்னும் நடக்கிறது என்று கேள்வி.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றால், "காபிய மிச்சம் வைக்காமக் குடிச்சாங்களா இல்லியா?" என்பார். அவருடைய கணக்கில் அவ்வளவுதான். எதிர் நாற்காலி காலியாக இருந்தால் காபி இறங்காது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர், அதனால் கருத்து வேறுபாடே கிடையாது.

ஒருமுறை அவரே சொன்னார். கல்யாணமாகி டெல்லி கன்டோன்மென்டுக்கு வந்த புதிதில் கணவருக்கு எல்லையில் வேலை. இந்தியில் ஒரு சொல் தெரியாது. வீட்டில் பால் இருக்கும்போதே பால் பூத் வரிசையில் போய் நிற்பாராம். "முன்னால ஒரு ஆளு, பின்னால ஒரு ஆளு. மூச்சு விடுத சத்தம் கேக்கும்லா. அது போதும்னு இருந்துச்சுட்டி." இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நான் அந்தக் கடைக்குப் போன காலத்தில் கணவர் மறுபடி எல்லையில் இருந்தார், மகன் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில். வீட்டில் அக்கா மட்டும். கடைதான் அவருக்கு ஊர், உறவு எல்லாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அப்புறம் நடந்ததில் எங்களுக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்று புரியாது.

இணையத்தில் கடையைப் பற்றி எழுதுகிறார்களே, அந்த விமரிசனங்களைப் படித்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். 'காபி பரவாயில்லை, ஆனால் ஆன்ட்டி நிம்மதியாக இருக்க விடமாட்டார்' என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். 'தனியாகப் போனேன், பாட்மின்டன் ஆட ஆள் கிடைத்தது' என்று இன்னொருவர் ஐந்து நட்சத்திரம். நடுவில் ஒருவரும் இல்லை. கடை முதலாளி சென்னையில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்த இளைஞர். அக்கா அவரை 'மொதலாளித் தம்பி' என்பார். அவர் அந்த ஒற்றை நட்சத்திரங்களைத் தினமும் தடவிப் பார்த்துக் கவலைப்படுவார்.

அந்தக் கவலையைப் பெருங்கவலையாக்கியது என் காபிதான்.

டெல்லியில் தமிழ்க் குடும்பங்களில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. ஜாதகம் பொருந்தியதும் பஜ்ஜி, சொஜ்ஜி என்று வீட்டுக்குப் படையெடுக்காமல், பையனும் பெண்ணும் முதலில் ஒரு காபிக் கடையில் அரைமணி பேசிக்கொள்ளட்டும் என்று அனுப்பிவிடுவார்கள். பெரியவர்கள் வீட்டில் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அப்படி ஒரு பையன் டிசம்பர் ஞாயிறொன்றில் வந்து உட்கார்ந்தான். பெயர் முரளி என்பது பின்னால் தெரிந்தது. புதுக் கோட்டு, படிய வாரிய தலை, நேர்முகத் தேர்வுக்கு வந்தவன் மாதிரி விறைப்பு. எதிர் நாற்காலி காலி. அக்காவுக்குப் பொறுக்குமா? என் காபி அங்கே போனது.

நான் கடுகடுவென்று போய் உட்கார்ந்தேன். அவன் எழுந்து கை கூப்பினான்.

"சீக்கிரமே வந்துட்டீங்க."

"காபி இங்க வந்துடுச்சு. அதான் வந்தேன்."

அவன் அதைப் பெரிய நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தான். பிறகு என் சொந்த ஊர், சம்பளம், வீட்டில் யார் யார் என்று ஒவ்வொன்றாகப் பணிவோடு கேட்டான். எனக்குப் புரிந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். என் ஆபீசில் இப்படித்தான் வந்து குழைவார்கள்.

"இங்க பாருங்க, எனக்குப் பாலிசி எதுவும் வேண்டாம்."

"எனக்கும் கொள்கை அது இதுன்னு பெருசா ஒண்ணும் கிடையாதுங்க" என்றான் அவன். "கல்யாணத்துக்கு அப்புறமும் நீங்க வேலைக்குப் போகலாம்."

"போகலாமான்னு சொல்ல நீங்க யாரு?"

"இல்லைங்க, போகணும்னுதான் நானும் சொல்ல வந்தேன்."

இப்படி ஒரு பைத்தியத்தை நான் பார்த்ததே இல்லை. திட்டத் திட்டச் சிரித்தான். கடைசியில் எனக்குத் திட்டுவதற்குச் சரக்குத் தீர்ந்து, இருவரும் பனிமூட்டத்தில் ரயில் தாமதமாவதைப் பற்றியும், டெல்லி வீட்டுக்காரர்களைப் பற்றியும், சேலத்துத் தட்டுவடை செட்டைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டோம். முக்கால் மணி போனது தெரியவில்லை. அப்போதுதான் ஒரு பெண் வந்து மேஜையருகே நின்றாள். கையிலிருந்த செல்பேசியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"முரளி? நான்தான் சுபா."

அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ. அவனுக்கு அனுப்பியிருந்த போட்டோ ஏதோ ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் முழு மேக்கப்போடு எடுத்தது. அதை வைத்து சுபாவை அவள் அம்மாவே அடையாளம் சொல்ல முடியாது. எனக்கு விஷயம் புரிந்ததும் சிரித்தேன் பாருங்கள், காபி மூக்கு வழியாக வந்துவிட்டது. சுபா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவளும் சிரித்தாள். முரளி எங்கள் இருவரிடமும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுவிட்டு, கதவை இழுப்பதற்குப் பதில் தள்ளி, தள்ளி, கடைசியில் வெளியே போய்விட்டான்.

"அரே, நான் வேணும்னேதான் லேட்டா வந்தேன்" என்றாள் சுபா என்னிடம். "போயிருப்பான்னு நினைச்சேன். எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம், மம்மிகிட்ட சொல்ல தைரியம் இல்ல. நீங்க என்னைக் காப்பாத்திட்டீங்க, சச் மே, நிஜமாத்தான்." அவள் டெல்லி மோதி பாக்கில் பிறந்து வளர்ந்தவள். கும்பகோணத்துத் தமிழில் இந்தி நீச்சலடிக்கும். அன்றையிலிருந்து அவள் என் உயிர்த்தோழி.

இதுவரை கேலிக்கூத்து. ஆனால் முரளியின் பெரியப்பா சிரிக்கவில்லை. அமைச்சகத்தில் பெரிய பதவி, அந்தப் பகுதித் தமிழ் மன்றத்தில் அதைவிடப் பெரிய பதவி. மன்றத்து விழா என்றால் அத்தனை காபியும் இந்தக் கடையிலிருந்துதான் போகும். 'உங்கள் பையன் வேறொரு பெண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தானாமே' என்று சுபா வீட்டார் கேட்டதும் மனிதருக்கு மானம் போய்விட்டது. அடுத்த ஞாயிறே கடைக்கு வந்து, எல்லோரும் கேட்க, "இது காபிக் கடையா, கல்யாணத் தரகர் கடையா? எங்க மன்றத்து ஆளுங்க யாரும் இனி இங்க கால் வைக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மொதலாளித் தம்பி அவர் பின்னாலேயே ஓடிப்போய் சமாதானம் செய்துவிட்டு வந்து அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, இதோட நிறுத்திக்குங்க. இனிமே ஒரு கஸ்டமரை இன்னொரு கஸ்டமர் மேஜையில உக்கார வச்சீங்கன்னா, அன்னைக்கே நீங்க வீட்டுக்குப் போயிடலாம்."

"சரி தம்பி" என்றார் அக்கா. அவ்வளவுதான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் என்னிடம் திரும்பி, மெதுவாக, "வீட்டுல செவத்தப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாதுட்டி" என்றார்.

அதன் பிறகு என் காபி என் மேஜைக்கே வந்தது. எல்லோர் காபியும் அவரவர் மேஜைக்கே வந்தது. மேஜைகளில் எண் போட்ட பலகைகள் முளைத்தன. அக்கா தட்டோடு வருவார், பழக்கத்தில் கால் பாதி வழியில் வேறு மேஜைப் பக்கம் திரும்பும், நின்று, மறுபடி நேராக வரும். பார்க்கச் சகிக்கவில்லை. கடை முழுக்கத் தலைகள் குனிந்திருந்தன, காதுகளில் ஏதேதோ செருகியிருந்தன. சர்தார்ஜி ஒரு மூலையில் முழங்காலைத் தானே தடவிக்கொண்டிருந்தார். நான் முதல் நாள் கேட்ட தனிமை, கேட்டபடியே, எண் பலகையோடு கிடைத்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வழி கண்டுபிடித்தவள் சுபா. "ஒரு மினிட். ரூல் அக்காவுக்குத்தானே? நமக்கு என்ன ரூல்?"

அட, ஆமாம். ஒரு வாடிக்கையாளர் தன் காபியைத் தானே தூக்கிக்கொண்டு இன்னொருவர் மேஜைக்குப் போனால் அக்கா என்ன செய்வார்? அந்த ஞாயிறே டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாரமெல்லாம் தொலைபேசியில் ஊரை மிரட்டுகிறவள் நான். நேரில் ஒரு ஆளிடம் போய் "இங்க உட்காரலாமா" என்று கேட்க நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் போய் உட்கார்ந்த மேஜையில் இருந்த பெண் தன் கைப்பையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். திருடி என்று நினைத்திருப்பாள். "சும்மா பேசத்தான்" என்றேன். அதற்கு இன்னும் இறுக்கினாள். இந்த வேலையையா அக்கா நாள் முழுக்க அலட்சியமாகச் செய்துகொண்டிருந்தார் என்று மலைப்பாக இருந்தது.

சுபாவுக்கு அந்தச் சங்கடமே இல்லை. "அங்கிள் ஜி, நமஸ்தே" என்று சர்தார்ஜி எதிரே போய் விழுந்தாள். அடுத்த வாரம் சர்தார்ஜி தன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பாலக்காட்டுத் தம்பதியிடம் போனார். அதற்கடுத்த வாரம் அந்தத் தம்பதி. ஜனவரி பாதியில் ஜலதோஷம் மாதிரி கடை முழுக்கப் பரவிவிட்டது. மூன்றாம் எண் காபியைக் கேட்டவர் ஏழாம் எண்ணில் உட்கார்ந்திருப்பார், ஏழாம் எண்காரர் ஒன்பதில். மொதலாளித் தம்பி பலகைகளை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரைக் கோபிப்பது? ஒருவரும் புகார் சொல்லவில்லை.

கல்லாவில் நின்ற அக்காவுக்கு உயிர் வந்தது. ஆனால் எங்கள் வேலையில் அவருக்குத் திருப்தியே கிடையாது. நான் பக்கத்தில் போனால் வாய் அசையாமல் முணுமுணுப்பார். "அவருகிட்ட எதுக்குட்டி போன? நேத்துதான் பல்லு பிடுங்கியிருக்காரு, எப்படிப் பேசுவாரு?" அல்லது, "அந்தா சன்னல் ஓரத்துல ஒரு பொண்ணு தனியா இருக்கா. நான் ஒண்ணும் சொல்லல. நான் சொல்லக் கூடாது."

பிறகு தைக் கிருத்திகை வந்தது. மலை மந்திரில் காவடிக் கூட்டம், மார்க்கெட் வரை மஞ்சள் உடுப்புகள். கடையில் நிற்க இடமில்லை. அந்த நெரிசலில் கதவைத் திறந்துகொண்டு பெரியப்பா வந்தார். பட்டை பட்டையாகத் திருநீறு, பட்டு வேட்டி, மேலே காஷ்மீர் சால்வை. கூட்டம் தானாக விலகியது. நாலு பேர் மேஜை ஒன்றில் தனியாக உட்கார்ந்தார். வெளியே அத்தனை பேர் நிற்க, அவரைச் சுற்றி மூன்று நாற்காலிகள் காலி. ஒருவருக்கும் போக தைரியமில்லை. சுபாவுக்கே இல்லை. நாங்கள் இருவரும் அடுத்த மேஜையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். இந்த ஆள் இன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா ஸ்வெட்டரைச் சரி செய்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மொதலாளித் தம்பியே காபி கொண்டுபோய் வைத்தார். பெரியப்பா பாதி குடித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு அக்காவை விரலசைத்துக் கூப்பிட்டார். கடை மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது.

"உட்காருங்க" என்றார், எதிர் நாற்காலியைக் காட்டி.

"கடை நேரத்துல நான் உக்காருததில்ல சார். சொல்லுங்க."

"அன்னைக்கு என் தம்பி பையனோட ஒரு பொண்ணை உட்கார வச்சீங்களே."

"தப்புதான் சார். அதான் இப்ப நான் ஒருத்தரையும் உக்கார வைக்கதில்லயே."

"அதைக் கேக்கலம்மா." பெரியப்பா சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார், ஆனால் மேடையில் பேசிப் பழகிய குரல் எவ்வளவுதான் தாழும்? "அந்தப் பொண்ணு யாரு? வந்த வரனோட போட்டோவெல்லாம் பிரிச்சுக்கூடப் பாக்கமாட்டேங்கிறான் அவன். 'அந்தப் பொண்ணு முக்கால் மணி நேரம் என்னைத் திட்டிச்சு பெரியப்பா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். எங்க தம்பிக்கும் மனைவிக்கும் ஒரே கவலையா இருக்கு. பெயர்கூடக் கேக்காம வந்திருக்கான், அசடு."

சுபா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. என் காது சிவந்து, முகம் சிவந்து, நான் மேஜையின் எண் பலகையை உலகத்திலேயே முக்கியமான பொருள்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்னவோ குதித்தது. சந்தோஷம்தான், வேறென்ன.

"யாருன்னு தெரியும் சார்" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆனா நான் எப்படிக் கூட்டி வச்சுப் பேச விடுவேன்? ஒரு ஆள இன்னொரு ஆளோட உக்கார வச்சா அன்னைக்கே வீட்டுக்குப் போகணும்னு உத்தரவுலா."

"யார் போட்ட உத்தரவு?" பெரியப்பா மொதலாளித் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். மொதலாளித் தம்பி ஓடாத மின்விசிறியைப் பார்த்தார்.

"நீங்க சொல்லித்தான் சார்" என்றார் மெல்ல.

முதலில் சிரித்தது சர்தார்ஜி. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முகங்கள் தெரியும். பிறகு கடை மொத்தமும். பெரியப்பா சிறிது நேரம் தன் பதவிகளையெல்லாம் பிடித்துக்கொண்டு கம்பீரமாகத்தான் இருந்தார். அப்புறம் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது, சால்வை நழுவி விழுந்தது.

"சரி, நான் சொன்னதை நானே வாபஸ் வாங்கிக்கிறேன். இவங்க இஷ்டப்படி உட்கார வைக்கட்டும். போதுமா?"

"போதும் சார்" என்று அக்காவுக்கு முன் மொதலாளித் தம்பி சொன்னார்.

நான் தயாரானேன். இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியுமே. அடுத்த ஞாயிறு முன்னறிவிப்பின்றி என் காபி எங்கேயோ போகும், நான் பின்னாலேயே போவேன். அக்கா என் மேஜைக்கு வந்தார். ஆனால் எதிலும் கை வைக்கவில்லை. காலித் தட்டை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு குனிந்தார்.

"ஏட்டி, அந்தப் பையன அடுத்த வாரம் வரச் சொல்லவா? ஒனக்குப் பிடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லிரு. நான் பாத்துக்கிடுதேன்."

கேட்கிறார். யாரையும், எதையும், ஒரு நாளும் கேட்காத மனுஷி என்னிடம் கேட்கிறார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். சண்டைக்காரியான எனக்கு ஆட்களின் பயம் நன்றாகவே தெரியும். அக்கா பயந்துபோயிருந்தார்.

"அன்னைக்கு ஒன்னய ஒரு வார்த்த கேக்காமக் கொண்டு உக்கார வச்சிட்டேன். ஒனக்கு ஏதும் கெட்ட பேராயிருமோன்னு அன்னையில இருந்து எனக்கு உறக்கமே இல்லட்டி."

இத்தனை வாரமாக அவர் வேலையைப் பற்றி நாங்கள் எல்லோரும் பதறிக்கொண்டிருந்தோம். அவர் என்னைப் பற்றிப் பதறிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. டெல்லிக்கு வந்து அதுவரை அந்த ஊரில் என் பெயரை நினைத்துத் தூங்காமல் இருந்தவர் ஒருவரும் கிடையாது.

"வரச் சொல்லுங்கக்கா" என்றேன்.

அவர் நிமிர்ந்து மூக்கை உறிஞ்சினார். பிறகு மார்க்கெட்டின் அந்தக் கோடி வரை கேட்கும் குரலில் பெரியப்பாவிடம் சொன்னார்:

"அவ வரச் சொல்லுதா சார். திட்டு வாங்குததுக்குத் தயாரா வரச் சொல்லுங்க."